வார இறுதி வீட்டுக்கு யாருடைய தண்ணீர்?

புணேயைச் சுற்றியுள்ள தாலுகாக்களில் இரண்டாவது வீடு வாங்க விரும்புவோர் கடனுக்காக எங்கள் கிளைக்குக் கொண்டுவரும் கோப்பில் ஏறத்தாழ எல்லாத் தாள்களும் இருக்கும். சாத்பாரா நகல், விவசாயம் அல்லாத பயன்பாட்டுக்கான ஆணை, வரைபட ஒப்புதல், முப்பது ஆண்டு உரிமைத் தேடல் அறிக்கை, மதிப்பீட்டாளரின் சான்று, வண்ணத்தில் அச்சிட்ட மனைப்பிரிவுக் கையேடு என்று கோப்பு கனமாகவே இருக்கும். இல்லாத தாள் ஒன்றே ஒன்று: அந்த வீட்டில் எந்தத் தண்ணீரைக் குடிக்கப் போகிறார்கள் என்பதைச் சொல்லும் தாள். கேட்டால், ‘போர் போட்டிருக்கிறார்களாம்’ என்று பதில் வரும். போட்டவர் யார், எத்தனை அடி, மே மாதத்தில் தண்ணீர் நிற்குமா, அதை யாராவது சோதித்தார்களா என்ற வினாக்களுக்கு விடை இராது. அப்படியொரு தாளைக் கேட்டுப் பெறவேண்டும் என்பதும், வார இறுதி வீடுகளுக்கான தண்ணீர் விதிகளில் ஒரு பெரிய இடைவெளி உள்ளது என்பதும் என் கருத்து. இது வங்கியின் நிலைப்பாடு அன்று. கடன் கோப்புகளோடு பல ஆண்டுகள் பழகிய ஒருவனின் எண்ணம் மட்டுமே.

கோர்படியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல, இரயில்வே வேலைக்கோ இராணுவ வேலைக்கோ வந்து இங்கேயே வேரூன்றியவை. பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் கைக்கு வரும்போது, ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே ஒரு தோட்ட வீடு கட்டிக்கொள்வதா என்ற பேச்சு எழுகிறது. பிள்ளைகள் இங்கே வேலையில் இருப்பதால் பெரும்பாலும் இரண்டாவதே வெல்கிறது. முள்ஷி, மாவள், வெல்ஹே, போர், புரந்தர் என்று ஒவ்வொரு திசையிலும் மனைகள் விற்பனைக்கு உள்ளன. கடக்வாஸ்லா, பான்ஷேத், வரஸ்காவ், தேம்கர் என்னும் நான்கு அணைகளின் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு மாநகராட்சிக் குழாய் வழியே வீடு வந்து சேர்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு, தண்ணீர் என்பது வரி கட்டினால் தானே வரும் ஒன்றாகத் தோன்றிவிட்டது. நகர எல்லையைத் தாண்டியதும் அந்த ஏற்பாடு முடிந்துவிடுகிறது.

நம் ஊர்ப் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரங்களைப் படித்தவர்களுக்கு ஒரு சொற்கோவை நினைவிருக்கும். நிலத்தை விற்பவர், ஜலம், தரு, பாஷாணம், நிதி, நிக்ஷேபம் எல்லாவற்றோடும் சேர்த்து விற்பதாக எழுதுவார். மரமும் கல்லும் புதையலும் வருவதற்கு முன்னரே சில பத்திரங்களில் ஜலம் வந்துவிடும். கிணற்றில் எத்தனை பங்கு, எந்த முறையில் இறைத்துக்கொள்வது என்பதும் எழுதப்பட்டிருக்கும். நிலம் வாங்கியவன் முதலில் தேடியது தண்ணீரைத்தான். மகாராஷ்டிரத்துச் சாத்பாராவிலும் ‘இதர உரிமைகள்’ என்னும் பகுதியில் கிணறு, ஆழ்துளைக் கிணறு, அவற்றில் உள்ள பங்கு ஆகியவற்றைப் பதியும் வழக்கம் இருக்கிறது. இன்று மனை வாங்குவோரில் அந்தப் பகுதியைப் படித்துப் பார்ப்பவர் மிகச் சிலரே.

என் நிலத்துக்கு அடியில் உள்ள தண்ணீர் எனக்கே உரியது என்ற நம்பிக்கைக்கு ஒரு சட்ட அடிப்படை உண்டு. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், வரையறுத்த ஓடையாகச் செல்லாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமை நில உரிமையாளருக்கு உண்டு என்று கூறுகிறது. ஏற்றமும் கவலையும் இறைத்த காலத்துக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். இயந்திரம் பொருத்திய லாரி ஒரே இரவில் நானூறு அடி துளைக்கும் காலத்தில், அந்த உரிமை பக்கத்து வீட்டுக் கிணற்றையும் ஊர்ப் பொதுக் கிணற்றையும் வற்றச் செய்யும் உரிமையாக மாறிவிடுகிறது.

மகாராஷ்டிரம் இதை மற்றப் பல மாநிலங்களுக்கு முன்பே உணர்ந்தது. 1993இல் குடிநீரைக் காப்பதற்கென்றே ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்தது. பொதுக் குடிநீர் ஆதாரத்திலிருந்து 500 மீட்டருக்குள், முன் அனுமதி இல்லாமல் எந்தத் தேவைக்கும் புதிய கிணறு தோண்டக் கூடாது என்பது அதன் மையமான விதி. அதற்குப் பதிலாக வந்த 2009ஆம் ஆண்டுச் சட்டம் 2014இல் நடைமுறைக்கு வந்தது. பொதுக் குடிநீர் ஆதாரத்துக்கு இருந்த பாதுகாப்பை அது கைவிடவில்லை. 60 மீட்டரும் அதற்கு மேலும் ஆழமுள்ளவற்றை ஆழக் கிணறுகள் என்று வகுத்து, அறிவிக்கை செய்யப்பட்ட பகுதிகளில் அவற்றுக்குக் கட்டுப்பாடு விதித்தது. கிணற்றின் உரிமையாளர் மட்டுமன்றித் துளையிடும் இயந்திரத்தின் உரிமையாளரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. இதைத் தவிர, 2010இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டுதலின்படி, ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்குக் குறைந்தது 15 நாள்களுக்கு முன்பே ஆட்சியருக்கோ ஊராட்சித் தலைவருக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். குழாயைச் சுற்றிக் கான்கிரீட் மேடை அமைக்க வேண்டும். கைவிட்ட துளையை மூடிவிட வேண்டும். திறந்து கிடந்த துளைகளில் குழந்தைகள் விழுந்து இறந்ததால் பிறந்த விதி அது. மனை விற்பவரிடம் அந்தப் பதினைந்து நாள் கடிதத்தின் நகலைக் கேட்டுப் பாருங்கள். அவர் முகமே பலவற்றைச் சொல்லிவிடும்.

இவ்வளவு விதிகளுக்கும் நடுவில்தான் நான் சொல்லும் இடைவெளி இருக்கிறது. மத்திய அரசின் ஜல சக்தி அமைச்சகம் 2020 செப்டம்பர் 24 அன்று வெளியிட்ட நிலத்தடி நீர் வழிகாட்டுதல், குடிப்பதற்கும் வீட்டு உபயோகத்துக்கும் நீர் எடுக்கும் தனி வீட்டாருக்கு, ஊரகமாயினும் நகரமாயினும், தடையில்லாச் சான்று தேவையில்லை என்று விலக்கு அளிக்கிறது. இது நியாயமான விலக்கு. வேறு வீடில்லாமல் ஊரிலேயே வாழும் ஒரு விவசாயக் குடும்பம் தன் கிணற்றுத் தண்ணீருக்காக அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டும் என்று யாரும் விரும்பமாட்டார்கள். அதே வழிகாட்டுதல் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கூட்டு வீட்டு வசதிச் சங்கங்களும் சான்று பெறவேண்டும் என்கிறது. அதுவும் நியாயமே.

இப்போது ஒரு மலைச்சரிவில் ஐந்து ஏக்கரை எடுத்துக்கொள்வோம். அதில் நாற்பது மனைகள். ஒவ்வொரு மனையிலும் ஒரு பங்களா. ஒவ்வொரு பங்களாவுக்கும் ஒரு துளை. நாற்பது பேரும் தனித்தனி வீட்டார். ஆகவே நாற்பது பேருக்கும் விலக்கு. அதே நாற்பது குடும்பங்கள் ஒரே கட்டடத்தில் குடியிருந்தால் சங்கமாகச் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும், அளவி பொருத்த வேண்டும், மழைநீரைச் சேமிக்க வேண்டும். பரந்து கிடக்கும் வீடுகளுக்குப் புல்தரையும் பூச்செடியும் சில இடங்களில் நீச்சல் குளமும் உண்டாதலால், எடுக்கும் தண்ணீர் அடுக்குமாடியைவிட அதிகமாகவே இருக்கும். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் புல்தரைக்கு ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால், 100 சதுர மீட்டர் புல்தரை 500 லிட்டர் குடிக்கும். ஜல் ஜீவன் திட்டம் ஊரக வீடுகளுக்கு இலக்காக வைத்திருப்பது ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அதாவது, உரிமையாளர் கோர்படியில் அலுவலகம் போய்வரும் ஐந்து நாள்களிலும், ஆளில்லாத வீட்டின் புல் ஒன்பது கிராமவாசிகளின் பங்கைக் குடித்துக்கொண்டிருக்கிறது. குடிநீருக்கென்று தந்த விலக்கு குடிநீருக்காகப் பயன்படவில்லை என்றால் அதை விலக்கு என்று எப்படிச் சொல்வது?

ஒரே மனைப்பிரிவில் உள்ள வீடுகளை ஒரே நீர்ப் பயனாளியாகக் கருத வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. இதற்குப் புதிய சிந்தனை எதுவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டுக்கு மேற்பட்ட அலகுகள் கொண்ட திட்டங்களை ஒரே திட்டமாகப் பார்த்து, பதிவைக் கட்டாயமாக்கியுள்ளது. உரிமையாளர் சங்கம் பொறுப்பேற்கும்வரை அடிப்படைச் சேவைகளைத் தருவதும் பராமரிப்பதும் விற்பவரின் கடமை என்கிறது. விற்பனைக்கு ஒரே திட்டமாக இருப்பது, தண்ணீருக்கு மட்டும் நாற்பது தனி வீடுகளாகப் பிரிந்துபோவதில் பொருளில்லை.

‘ஏரி தெரியும் வீடு’ என்ற விளம்பரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முள்ஷி ஏரிக்கரை மனைகளின் விலையில் பாதி அந்தக் காட்சிக்கானது. அந்த ஏரியோ டாடா நிறுவனத்தின் நீர்மின் திட்டத்துக்காகக் கட்டியது. அதன் நீர் மேற்கே கொங்கணம் நோக்கி இறங்கி மின்சாரம் ஆகிறது. நிலத்தை இழந்த உழவர்களுக்காக 1921இல் பாண்டுரங்க மகாதேவ் பாபட் நடத்திய முள்ஷி சத்தியாகிரகமே அவருக்குச் ‘சேனாபதி’ என்ற பட்டத்தைத் தந்தது. நூறு ஆண்டுக்கு முன் ஊர்மக்கள் இழந்த தண்ணீரின் கரையில் நாம் நாற்காலி போட்டு அமர்கிறோம். அமரலாம், குழாய் இறக்க முடியாது. மகாராஷ்டிர நில வருவாய்ச் சட்டப்படி, தனியாருக்கு உரியதென்று நிலைநாட்டப்படாத ஆறு, ஓடை, ஏரி, அவற்றில் ஓடும் நீர், நிற்கும் நீர் அனைத்தும் அரசின் சொத்து. வரஸ்காவ் அணை நீர்ப்பரப்பின் ஓரத்தில் எழுந்த லவாசா நகரம் பெரும்பாலும் இரண்டாவது வீடுகளை நம்பியே திட்டமிடப்பட்டது. 2010 நவம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அறிவிக்கையால் கட்டுமானம் நின்றது. 2018இல் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் சென்றது. அங்கு முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்களுள் நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களும் இருந்தார்கள்.

தண்ணீர் கிடைப்பதைப் பற்றிப் பேசினால் பாறையைப் பற்றிப் பேசியாக வேண்டும். புணே மாவட்டம் முழுவதும் எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல் அடுக்குகளின் மேல் அமர்ந்திருக்கிறது. இந்தப் பாறை மணலைப்போல நீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதில்லை. மேலடுக்கில் சிதைந்த பகுதியிலும், கீழே வெடிப்புகளிலும்தான் நீர் நிற்கும். வெடிப்பு அகப்பட்டால் நீர், அகப்படாவிட்டால் புழுதி. ஆழம் கூடக்கூடச் செலவு உறுதியாகக் கூடும். நீர் கூடும் என்பதற்கு உறுதியில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையோரம் கொட்டித் தீர்க்கும் மழையும் சரிவில் வழிந்து ஓடிவிடுவதால், ஜூலையில் அருவி காட்டும் ஊருக்கே ஏப்ரலில் டேங்கர் வருகிறது. மனை பார்க்க மழைக்காலத்தில் அழைத்துப் போவார்கள். பசுமை கண்ணை நிறைக்கும். நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வது, மே மாதம் மூன்றாம் வாரத்தில் ஒருமுறை போய், பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு செம்பு தண்ணீர் கேளுங்கள் என்பதுதான்.

சாஸ்வட் பக்கம் மனை வாங்கிய ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர் ஒருவர் எங்கள் கிளைக்கு அடிக்கடி வருவார். முதல் துளையில் 280 அடிவரை புழுதிதான் வந்தது. இரண்டாவதில் கொஞ்சம் நீர் கண்டது. அடுத்த கோடையில் அதுவும் நின்றது. “தம்பி, குளியலறை ஓடு என்ன நிறம் என்றெல்லாம் கேட்டேன். தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்கத் தோன்றவில்லையே” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். இன்று அவர் வெள்ளிக்கிழமை மாலை புறப்படும்போது காரின் பின்புறத்தில் இருபது லிட்டர் கேன்கள் நான்கு ஏறுகின்றன. நிலத்தடி நீரை ஆராயும் மாநில அரசின் முகமைக்குத் தலைமையகமே புணேயில்தான் இருக்கிறது; துளைக்கும் லாரியை அழைப்பதற்கு முன் அங்கே போய் விசாரிக்க முடியும் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

கிடைத்த தண்ணீர் குடிக்கத் தக்கதா என்பது இதைவிடப் பெரிய வினா. 2025 ஜனவரியில் புணேயில் கில்லன் பாரே நோய் பரவியதை நாம் மறக்க முடியாது. சிங்ககட் சாலை, நாந்தேட், கிர்கட்வாடி பகுதிகளில் கைகால் செயலிழந்து மருத்துவமனை சேர்ந்தவர்களின் மாதிரிகளில் காம்பைலோபாக்டர் என்னும் குடல் கிருமி கண்டறியப்பட்டது. ஐயம் கிணற்று நீரின் மேலும் தனியார் டேங்கர் நீரின் மேலும் விழுந்தது. நோயுற்றோர் எண்ணிக்கை 200ஐக் கடந்தது. அந்தக் கிராமங்களில் சில 2021இல்தான் மாநகராட்சியில் இணைந்தவை. வீடுகள் நகர வேகத்தில் பெருகியிருந்தன. சுத்திகரிப்பு நிலையம் அந்த வேகத்தில் வந்து சேரவில்லை. அடுத்த வளையத்தில் உள்ள வார இறுதி மனைகளின் நிலை இதைவிட மேலானது என்று எண்ணக் காரணம் இல்லை.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 10500 சொல்வது தெளிவானது: 100 மில்லிலிட்டர் நீரில் ஈ கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, இதில் தளர்வே கிடையாது, கரைந்த உப்பு 500 மில்லிகிராம்வரை ஏற்புடையது, வேறு ஆதாரம் இல்லாதபோது 2000 வரை பொறுக்கலாம். நம்மில் பலர் கடைசியில் சொன்னதை மட்டுமே அளக்கிறோம். பேனா போன்ற கருவியைத் தோய்த்து எண் குறைவாக இருந்தால் மகிழ்ந்துவிடுகிறோம். அந்தக் கருவிக்குக் கிருமி தெரியாது. கிருமி பெரும்பாலும் நம் வீட்டிலிருந்தே வருகிறது. மலக்கழிவுத் தொட்டியின் உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரம். வெடிப்புள்ள பாறையில் இன்னும் தள்ளி இருப்பதே நல்லது. சிறிய மனையில் நம் கிணற்றுக்கும் நம் தொட்டிக்கும் இடையே அந்த இடைவெளி கிடைத்தாலும், பக்கத்து மனைக்காரரின் தொட்டி மதிலை ஒட்டி இருக்கும். நாற்பது துளைகள், நாற்பது தொட்டிகள்! ஒரே மனைப்பிரிவை ஒரே பயனாளியாகக் கருதச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. வாரக் கணக்கில் மேல்தொட்டியிலும் குழாயிலும் தேங்கிய நீரில் குளோரின் தங்குவதில்லை. வந்தவுடன் எல்லாக் குழாய்களையும் திறந்து பழைய நீரை வெளியேற்றுவதும், ஆண்டுக்கு இருமுறையாவது தொட்டியைக் கழுவிக் குளோரின் இடுவதும், மழைக்கு முன்னும் பின்னும் நீரைச் சோதிப்பதும் குறைந்தபட்சக் கடமைகள். அரசின் மாவட்ட ஆய்வகங்களில் சிறு கட்டணத்தில் சோதித்துத் தருகிறார்கள்.

நண்பர்களுக்கும் விருந்தினருக்கும் வாடகைக்கு விடுவோருக்கு இது இன்னும் முக்கியம். இங்கிலாந்தில் தனிக் கிணற்றை நம்பும் ஒரு வீட்டில் உரிமையாளர் மட்டும் வாழ்ந்தால், அவர் கேட்டாலன்றி உள்ளாட்சி வந்து சோதிப்பதில்லை. அதே வீட்டை விடுமுறைக்கு வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதனை கட்டாயம். அமெரிக்காவில் மத்தியச் சட்டம் 15 இணைப்புகளோ 25 பேரோ உள்ள அமைப்புகளைத்தான் தொடுகிறது. தனிக் கிணறு உரிமையாளரின் பொறுப்பு. இங்கிலாந்து வகுத்த கோடு எனக்குச் சரியாகப் படுகிறது. தன் வயிற்றுக்குத் தானே பொறுப்பு என்று ஒருவர் சொல்லலாம். காசு கொடுத்துத் தங்க வந்தவரின் குழந்தை வயிற்றுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

வேறு வழி இல்லையா என்றால், கூரை இருக்கிறது. புணேயில் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் விழுவதில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலும் 56,000 லிட்டர். நால்வர் குடும்பம் ஆண்டு முழுதும் சனி ஞாயிறுகளில், அதாவது 104 நாள்கள், நகர அளவான ஆளுக்கு 135 லிட்டர் வீதம் செலவழித்தால் 56,160 லிட்டர். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே! மழை நான்கு மாதத்தில் முடிந்துவிடுவதால் முழுவதையும் சேமிக்கப் பெரிய தொட்டி வேண்டும் என்பது உண்மை. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் ஆளுக்கு ஐந்து லிட்டர் வீதம் ஆண்டுக்கு 2,080 லிட்டர்தான். மழை குறைந்த கிழக்குத் தாலுகாக்களிலும் இதற்குப் பஞ்சமில்லை. முதல் மழையை வெளியேற்றி, வடிகட்டி, காய்ச்சிக் குடித்தால் போதும். 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது முணுமுணுத்த நம் உறவினர்கள் பிறகு கிணற்றில் நீர் ஏறியதைச் சொல்லி மகிழ்ந்ததைக் கேட்டிருக்கிறோம். மூன்றாவது துளைக்கு ஆகும் பணத்தைத் தொட்டிக்குச் செலவிடலாம்.

‘நாங்களும் வீட்டு வரி கட்டுகிறோம், ஊராட்சிக் குழாயில் எங்களுக்கும் பங்கு உண்டு’ என்று சிலர் வாதிடுவர். பங்கு உண்டு. மகாராஷ்டிர ஊராட்சிச் சட்டம் பொதுத் தண்ணீர் வரியும் சிறப்புத் தண்ணீர் வரியும் விதிக்க ஊராட்சிக்கு அதிகாரம் தருகிறது. பாணிபட்டி என்று ஊரில் அழைப்பார்கள். இரண்டாவது வீட்டுக்காரர் நாற்பது நாள் தங்கினாலும் முழு ஆண்டுக்கும் அதைக் கட்டவேண்டும் என்பேன். அவர் வரும் சனிக்கிழமைக்காகவும் ஊராட்சி ஆண்டு முழுவதும் மோட்டாரையும் குழாயையும் ஆளையும் வைத்துப் பராமரிக்கிறது. அளவி பொருத்தி, குடிநீர் அளவுக்கு மேல் போனால் பல மடங்கு கட்டணம் வாங்குவதையும் எதிர்க்கமாட்டேன். தட்டுப்பாடு வரும்போது முதலில் மூடவேண்டிய குழாய் நம்முடையதே. நமக்குத் திரும்பிச் செல்ல கடக்வாஸ்லாத் தண்ணீர் வரும் வீடு இருக்கிறது, அவர்களுக்கு இல்லை.

வங்கிகள் செய்யக்கூடியது சிறியதுதான். ஊரகப் பகுதியில் வீட்டுக் கடனுக்கான மதிப்பீட்டு அறிக்கையில் நான்கு வரிகள் சேர்க்கலாம்: நீர் ஆதாரம் எது, அதற்கான பதிவும் முன்னறிவிப்பும் உள்ளனவா, கோடையில் எடுத்த நீரின் ஆய்வக அறிக்கை உண்டா, உறிஞ்சுகுழி எவ்வளவு தொலைவில் உள்ளது. தண்ணீரில்லாத வீட்டை மறுவிற்பனை செய்வது எவ்வளவு கடினம் என்பதை ஏலத்துக்கு வரும் சொத்துகளைப் பார்த்தவர்கள் அறிவர். ஆகவே இது அடமானத்தின் மதிப்பைப் பற்றிய கேள்வியும்கூட. அந்த நான்கு வரிகள் படிவத்தில் அச்சாகும்வரை, வாடிக்கையாளர்கள் தாமாகவே அவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரலாம். ஆய்வக அறிக்கைக்கு வேண்டியது ஒரு சுத்தமான புட்டியும் ஒருநாள் பயணமும்தான். முன்பணம் கட்டும் நாளுக்கு முன்பே அது கைக்கு வந்துவிட வேண்டும்.